தேயிலைத் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் போங்கள்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலை பார்க்க நினைக்கும் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே போகாதீர்கள். முதல் நாள் பறித்த கொழுந்து இரவெல்லாம் தட்டிலே கிடந்து வாடி, நள்ளிரவுக்குப் பிறகுதான் இலையை முறுக்கும் உருளை இயந்திரத்துக்கு வரும். விடியும்போது வேலை உச்சத்தில் இருக்கும். மதியத்துக்குள் முக்கால்வாசி முடிந்துவிடும். சுற்றுலா வான்களோ விடுதிச் சாப்பாட்டை ஆற அமர முடித்து, இரண்டு அருவிகளின் முன்னால் படம் எடுத்து, மூன்று மணிக்கு வாசலில் வந்து நிற்கின்றன. திங்கட்கிழமையும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிக்காத தோட்டங்களில் திங்கள் காலையில் உருட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

எங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்ல ஆளில்லை. 2025 பெப்ரவரியில் கனடாவிலிருந்து போயிருந்தோம்: நான், கணவர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள். யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணம்; அது முடிந்ததும் மலைநாடு. யாழ்ப்பாணத்திலேயே பிறந்து வளர்ந்தவள்தான் என்றாலும் ஹட்டனும் தலவாக்கலையும் எனக்கு வானொலி வானிலை அறிக்கையில் கேட்ட பெயர்கள் மட்டுமே. நாங்கள் வளர்ந்த காலத்தில் யாழ் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டுவதே பெரும்பாடு, இதில் உல்லாசப் பயணம் வேறா? ஆகவே 'ஊருக்குப் போகிறோம்' என்று ஸ்காபரோவில் எல்லோரிடமும் சொல்லிக் கிளம்பிய எனக்கு, அந்த ஊரின் பாதி புதிது.

பயண ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயிலில் முன்பதிவு இருக்கைகள் எல்லாம் போய்விட்டன; கொழும்பிலிருந்து வான் பிடித்தோம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஏ7 வீதியில் ஹட்டனுக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. சாரதி சிங்களவர், தமிழும் ஓரளவு பேசினார். வளைவுகளில் அவர் காட்டிய பொறுமைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். தங்கியது டிக்கோயாப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு மாடியில். வெந்நீர் காலையில் மட்டும் வந்தது, போர்வை கனமாக இருந்தது, இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் தந்தார்கள். அதே பக்கத்தில் பழைய துரைமார் பங்களாக்களை விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றின் ஓரிரவு வாடகையைக் கேட்டதும் என் கணவர் தொலைபேசியை மரியாதையாக வைத்துவிட்டார்.

தலவாக்கலைப் பக்கம் டெவன், சென் கிளயர் அருவிகளைப் பார்த்த கையோடு சாரதி ஒரு தொழிற்சாலை வாசலில் வானை நிறுத்தினார். பெயரை எழுதப் போவதில்லை. அந்த வீதியில் இப்படிப் பல இருக்கின்றன. பெரிய வெள்ளைக் கட்டடம், கூரையில் ஆள் உயர எழுத்துகள், வாசலில் பஸ்கள். கட்டணப் பலகையில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைப்போல் நான்கு மடங்கு. தமிழில் பேசியதால் முதலில் உள்நாட்டு டிக்கெட்டைக் கிழிக்கப் போனவர், மகள் இடையில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, நிமிர்ந்து பார்த்துவிட்டு மற்றப் புத்தகத்தை எடுத்தார். நியாயம்தான், கடவுச்சீட்டு கனடாவுடையது. ஆனாலும் மனம் கொஞ்சம் சுருங்கியது.

வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பச்சைச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் ஒப்பிக்கத் தொடங்கினார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது, 1869 முதல் கோப்பியை ஒரு பூஞ்சை நோய் அழித்தது, தோட்டத்துரைமார் ஒவ்வொருவராகத் தேயிலைக்கு மாறியது. சுவரில் டெய்லரின் தாடி வைத்த படம். ஓடாத உருளை, ஓடாத சல்லடை, ஆறிப்போன அடுப்பு எல்லாவற்றையும் கைகாட்டிக்கொண்டே போனார். பத்து நிமிடத்தில் கடைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டார். கடைதான் அந்தக் கட்டடத்தில் நன்றாக இயங்கும் பகுதி என்று தோன்றியது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "தங்கச்சி, உருளை எப்போது ஓடும்?" என்று தமிழில் கேட்டேன்.

அந்தப் பிள்ளையின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். தோள் இறங்கியது, குரல் தாழ்ந்தது. "அக்கா, நீங்கள் தமிழா? இப்போது வந்தால் ஒன்றும் தெரியாது. நாளைக் காலை ஐந்தரைக்கு வர முடியுமா? இரவு வேலை டீமேக்கரிடம் சொல்லி வைக்கிறேன்" என்றார். டீமேக்கர் என்றால் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்ப்பவர். மனப்பாடம் செய்த ஆங்கிலத்துக்கு அடியில் தொழில் தெரிந்த ஒரு ஆள் இருந்திருக்கிறார். அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார், அப்பா அடுப்புக்கு விறகு போட்டவர், இவர் சிறுவயதிலிருந்தே ஸ்டோருக்குள் ஓடித் திரிந்தவர். தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் வழிகாட்டுமாறு யாரும் கேட்பதில்லையாம். நிர்வாகம் எழுதிக் கொடுத்த தாளும் ஆங்கிலத்தில் மட்டும்தான். வெளிநாட்டுத் தமிழர்கள் நிறைய வருகிறார்கள், அவர்களும் ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்றார்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். சாரதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அவர் கணக்குப்படி நாங்கள் அந்தக் கடையில் செலவழிக்க வேண்டியதை ஏற்கெனவே செலவழித்துவிட்டோம். குளிர் காதைக் கடித்தது. தொழிற்சாலையின் மாடி ஜன்னல்களில் எல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாடியில்தான் கதை தொடங்குகிறது. அறையின் நீளத்துக்கு வரிசையாகத் தொட்டிகள், அவற்றின் மேல் கம்பிவலை, வலைமேல் முழங்கால் அளவுக்குக் குறைவாகப் பரப்பிய கொழுந்து. கீழிருந்து விசிறி காற்றை ஊதுகிறது. பச்சை ஆப்பிளை நறுக்கிய மணம் அந்த மாடி முழுவதும் நின்றது. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் காற்று வாங்கி, எடையில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. மழைக்காலமென்றால் வெப்பக்காற்றும் கலக்க வேண்டும்.

டீமேக்கர் ஐம்பது தாண்டியவர், காதுவரை தொப்பி. வாட்டம் போதுமா என்று பார்க்க அவரிடம் கருவி இருக்கிறது; ஆனால் அவர் அதைத் தொடவில்லை. ஒரு பிடி இலையை அள்ளி இறுக்கிப் பிசைந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். உருண்டை உடனே உதிரவும் இல்லை, அப்படியே கட்டியாக நிற்கவும் இல்லை. மெல்ல மெல்ல இதழ் விரித்தது. பிறகு ஒரு காம்பை எடுத்து மடித்தார். ஒடியவில்லை. "ஒடிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. உருளையில் போட்டால் நொறுங்கும், முறுகாது" என்றார். என் மகளும் ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். அவள் பிடித்தது இன்னொரு தொட்டியில். அதன் காம்பு டக்கென்று ஒடிந்தது. அந்தத் தொட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் என்று அவர் சிரித்தார்.

வாடிய கொழுந்தை மாடித் தரையில் உள்ள ஓட்டை வழியாகத் துணிக்குழாயில் கொட்டுகிறார்கள். அது நேரே கீழ்த்தளத்து உருளைக்குள் விழுகிறது. முதல் நாள் பிணம்போல் கிடந்த அந்த இயந்திரம் இப்போது தரை அதிரச் சுழன்றது. வட்ட மேசை, அதன்மேல் பித்தளைப் பட்டைகள், மேலே மூடி போட்ட உருளைப் பாத்திரம். மூடியை இறக்க இறக்க அழுத்தம் கூடும். இலை வெட்டுப்படுவதில்லை, முறுக்குண்டு கிழிகிறது. கிழிந்த இடமெல்லாம் சாறு கசிந்து காற்றோடு சேர்கிறது. தேநீரின் நிறமும் மணமும் அங்கேதான் பிறக்கின்றன. ஒரு சுற்று முடிந்ததும் சல்லடை. கீழே விழுவது முதல் தூள். மேலே தங்கியது மறுபடி உருளைக்குப் போகும். இப்படியே இரண்டாம் தூள், மூன்றாம் தூள்.

தூளை ஓட்டுத் தரையில் இரண்டு விரல்கட்டை உயரத்துக்குப் பரப்பி வைக்கிறார்கள். இந்தப் பகுதியில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். செய்வதற்கு அங்கே எதுவும் இல்லை, காத்திருப்பதுதான் வேலை. பச்சை மங்கி, மஞ்சளாகி, செப்புக்காசு நிறத்துக்கு வருகிறது. நறுக்கிய புல் போலிருந்த வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் கனிகிறது. உருளை ஓடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. குளிர், ஈரம், இலையின் பருவம் எல்லாம் அதை மாற்றும். அவசரப்பட்டு அடுப்புக்கு அனுப்பினால் பச்சை வாடையும் கரகரப்பும் தங்கிவிடும், தாமதித்தால் சாயம் மட்டும் இருக்கும், சுறுசுறுப்பு போய்விடும். டீமேக்கர் கால்மணிக்கு ஒருமுறை குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். இந்த வேலைக்கு வந்த பிறகு சிகரெட்டை விட்டுவிட்டாராம். மனைவி சொல்லி விடவில்லை, மூக்குக்காக விட்டேன் என்றார்.

தலவாக்கலை அடங்கிய திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். பகலில் வறண்ட காற்று, இரவில் கடுங்குளிர். செடி மெதுவாகத் தளிர்விடும், விளைச்சல் குறையும், மணம் கூடும். கிழக்குப் பக்கத்து ஊவா மலைகளுக்கு அதே சிறப்பு ஜூலை முதல் செப்டம்பர் வரை. பயணத் தேதியை நீங்களே தீர்மானிக்க முடிந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

அடுப்பறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, நிற்க முடியாத சூடு. வெளியே யூகலிப்டஸ் விறகு மலைபோல் குவிந்திருக்கிறது. நூறு பாகை வெப்பத்தை ஒட்டிய காற்றில் இருபது நிமிடம் போல் பயணம் செய்து, செப்பு நிறத்தில் போனது கறுப்பாக வெளியே வருகிறது. தண்ணீர் மூன்று சதவீதம் போல் மிஞ்சும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து கொடுத்தால் ஒரு கிலோ தேயிலை.

கடைசியாகச் சல்லடைக் கூடம். இங்கே எனக்கு இருந்த ஒரு பழைய சந்தேகம் தீர்ந்தது. டஸ்ட் என்றால் தரையில் கூட்டி அள்ளிய கழிவு என்று எங்கள் வீட்டில் எல்லோருமே நம்பியிருந்தோம். ஓபி (ஆரஞ்சு பீக்கோ), பிஓபி (புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ), பிஓபிஎஃப் (புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ ஃபேனிங்ஸ்), டஸ்ட் என்று பெட்டிகளில் எழுதியிருப்பது முதன்மையாக இலைத்துண்டின் அளவையும் தோற்றத்தையும் குறிக்கிறது. ஒரே செடி, ஒரே உருளை, ஒரே அடுப்பு. எந்தச் சல்லடைக் கண்ணில் விழுந்தது என்பதே வேறுபாடு. சிறிய துண்டு வேகமாகவும் கடுமையாகவும் சாயம் இறங்கும், பெரிய இலை நிதானமாக இறங்கும். உண்மையான கழிவான நாரும் காம்பும் தனியே பிரிந்து போகின்றன.

ருசி பார்க்கவும் விட்டார்கள். வெள்ளைக் கிண்ணங்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கிராம் தேயிலையை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி ஐந்தாறு நிமிடம் மூடி வைத்து, கரண்டியால் உரக்க உறிஞ்சித் துப்ப வேண்டும். உறிஞ்சும் சத்தத்தில் என் கணவர் டீமேக்கரையே மிஞ்சிவிட்டார். துப்பத்தான் மனம் வரவில்லை.

பத்து மணியளவில் அந்தப் பிள்ளை எங்களை மலைக்குக் கூட்டிப்போனார். இது சுற்றுலாவில் சேர்ந்ததல்ல, மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போனோம். இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கூடையுடன் பெண்கள் நிரை நிரையாக நின்றார்கள். இரு கைகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கண் அடுத்த செடியில் இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பாடத்தில் படித்ததுதான். நான் பறித்தபோது விரல் நகம் பட்டுக் காம்பு நசுங்கியது. அந்தப் பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து, கிள்ளக்கூடாது, மடித்து ஒடிக்க வேண்டும் என்று காட்டினார். ஏழு நாளைக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வர வேண்டுமாம். பிந்தினால் இலை முற்றிவிடும். அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும், குளவிக்கு மருந்தே இல்லை, ஓட்டம்தான் என்றார்.

பிறகு நிறுவை. தொங்கு தராசு போய் மின்தராசு வந்திருக்கிறது. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு எடையைக் கழித்த பிறகு மீதியைத்தான் சிட்டையில் எழுதுகிறார்கள். அந்தக் கழிவைப் பற்றிப் பெண்கள் முணுமுணுத்தது எங்களுக்கும் கேட்டது, எழுதுபவருக்கும் கேட்டிருக்கும். அங்கே நாளொன்றுக்கு 18 கிலோ எடுக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. நாங்கள் போனபோது அது 1,350.

மகள் கைப்பேசியில் கணக்குப் போட்டாள். 18 கிலோ கொழுந்து நான்கு கிலோ தேயிலை. நேற்றுக் கடையில் 100 கிராம் பெட்டி 900 ரூபாய். நான்கு கிலோவுக்கு நாற்பது பெட்டி, 36,000 ரூபாய். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. டீமேக்கர் பொறுமையாக விளக்கினார்: பெரும்பகுதித் தேயிலை கடைக்குப் போவதில்லை, கொழும்பு ஏலத்துக்குப் போகிறது, அங்கே கிலோ ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான், அதில் விறகு, மின்சாரம், உரம், சம்பளம் எல்லாம் வர வேண்டும். அதுவும் உண்மை. 1883இல் தொடங்கிய ஏலம் இப்போது கணினி வழியாக நடக்கிறது, விலையைச் சொல்பவர் கொழுந்தைப் பார்த்ததே இல்லை. அப்படியானால் இடையிலுள்ள முப்பதாயிரம் யாருக்கு என்று மகள் கேட்டாள். பெட்டி அச்சடிக்கிறவருக்கு என்று அந்தப் பிள்ளை சொல்ல, எல்லோரும் சிரித்தோம். டீமேக்கர் மட்டும் சிரிக்கவில்லை.

இறங்கும்போது அந்தப் பிள்ளையிடம், டெய்லரைச் சொல்கிறாய், உன் பாட்டன் பூட்டனை ஏன் சொல்வதில்லை என்று கேட்டேன். தாளில் இல்லை என்றார். தமிழகத்திலிருந்து கடல் தாண்டி, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக நடந்தே மலை ஏறியவர்கள், கோப்பிக் காலத்திலிருந்தே இங்கு உழைத்தவர்கள், 1948இல் குடியுரிமையை இழந்தவர்கள், மிஞ்சியிருந்தவர்களுக்கு அது முழுமையாகத் திரும்பக் கிடைத்தது 2003இல். இதைச் சுவரில் ஒரு பலகையாக மாட்ட எத்தனை ரூபாய் ஆகும்? யாழ்ப்பாணத்தார் நாங்களும் இந்த மக்களை ஒரு காலத்தில் எப்படி அழைத்தோம் என்பது எனக்குத் தெரியும். ஆதலால் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர முடியவில்லை. வருகையாளர் புத்தகத்தில், தமிழ் வழிகாட்டலும் அந்தப் பலகையும் வேண்டும் என்று தமிழிலேயே ஒரு பக்கம் எழுதிவிட்டு வந்தேன். நீங்களும் போனால் எழுதுங்கள். போகுமிடமெல்லாம் வழிகாட்டியிடம் முதல் வாக்கியத்தைத் தமிழில் பேசிப் பாருங்கள். கையில் கொடுப்பதை நேரே அவரவர் கையில் கொடுங்கள், சாரதி மூலம் வேண்டாம்.

வாங்குவது பற்றி. பால் விடாமல் குடிப்பவர்கள் ஓபி அல்லது பிஓபி எடுக்கலாம்; பாலும் சீனியும் சேர்ப்பவர்களுக்குப் பிஓபிஎஃப். மரப்பெட்டி, யானைத்தகரம், பழவாசனை எல்லாம் பரிசுக்குத்தான். பொதியில் வாளேந்திய சிங்கச் சின்னம் இருந்தால் அது கலப்பில்லாத இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது. வெளிநாட்டில் வாங்கும்போதும் இதைப் பாருங்கள். பொதி செய்த மாதத்தையும் பாருங்கள். தொழிற்சாலைக் கடையை விட ஹட்டன் நகரத்துச் சாதாரணக் கடைகளில் அரைவாசி விலைக்குக் கிடைக்கிறது. நாங்கள் எல்லா வகையிலும் கொஞ்சம் வாங்கி வந்தோம். ஸ்காபரோவில் என் மாமியார் ஒவ்வொன்றையும் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, டஸ்ட்தான் தேத்தண்ணீர், மற்றதெல்லாம் சேலை அலசிய தண்ணீர் என்று தீர்ப்பளித்தார். இருந்ததில் மலிவானதும் அதுதான்.